பழைய எஞ்சின் எவ்வளவு தாங்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பழைய கார்களின் பராமரிப்பைப் பற்றி எழுதியபோது, ‘அந்தக் காலத்து எஞ்சின் எதையும் தாங்கும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்த பிறகு, ‘எதையும்’ என்ற சொல்லை நான் போட்டிருக்கக் கூடாது என்றே தோன்றுகிறது. எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைத் தெளிவாகச் சொல்வதற்காக இம்முறை இப்பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

அமெரிக்காவில் நல்ல நிலையில் இருந்த பழைய கார்களின் எஞ்சின்களில் ஆயிலை வடித்துவிட்டு, வேறு ஏதோ திரவத்தை ஊற்றி ஓடவிட்டு வேண்டுமென்றே அழிக்கும் காட்சிகளைப் பார்த்தேன். சில எஞ்சின்கள் உடனே நின்றுவிட்டன. வேறு சில, பல நிமிடங்கள் ஓடின. அப்படியானால் ஆயில் இல்லாமலும் பழைய எஞ்சின் ஓடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

நீங்கள் பார்த்தவை 2009ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமெரிக்க அரசு நடத்திய ஒரு திட்டத்தின் காட்சிகள். எரிபொருளை அதிகமாகக் குடிக்கும் பழைய காரை ஒப்படைத்துவிட்டுச் சிக்கனமான புதிய கார் வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் சலுகை கிடைத்தது. ஏறத்தாழ 6.77 லட்சம் கார்கள் இவ்வாறு வந்து சேர்ந்தன. அவை மீண்டும் சாலைக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, எஞ்சினைப் பழுதுபார்க்கவே முடியாதபடி அழித்துவிட வேண்டும் என்று விதி செய்திருந்தார்கள். ஆயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிக்கேட் கரைசலை ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஊற்றி, நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்ட வேண்டும். பிறகு ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு மீண்டும் முடுக்கிப் பார்க்க வேண்டும். உயிர் இருந்தால் மறுபடியும் அதையே செய்ய வேண்டும்.

அந்தக் கரைசல் செய்யும் வேலை கொடூரமானது. எஞ்சினின் சூட்டில் அதிலுள்ள நீர் ஆவியாகிவிட, மிஞ்சும் சிலிக்கேட் கண்ணாடித் தூளைப் போல இறுகி, ஆயில் செல்லும் வழிகளை அடைத்து, பேரிங்குகளை அராவிவிடுகிறது. இதே சோடியம் சிலிக்கேட்டைத் தண்ணீர் ஓடும் பக்கத்தில் ஊற்றினால், ஹெட் கேஸ்கட்டில் (எஞ்சினின் பிளாக்குக்கும் மேலேயுள்ள ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகட்டில்) உள்ள சிறு கசிவை அது அடைத்துவிடும். கடைகளில் கசிவடைப்பான் என்று விற்கப்படும் சில புட்டிகளில் இருப்பதும் இதுவே. ஒரு பக்கத்தில் மருந்தாக இருப்பது மறுபக்கத்தில் நஞ்சாகிவிடுகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த எஞ்சின்கள் சில நிமிடங்கள் தாக்குப்பிடித்தமைக்கு முதன்மையான காரணம், அவற்றின் மீது சுமை இல்லாமல் இருந்தது. வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது; கியரில் இல்லை; ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டுக்கும், அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி, இரண்டு அங்குலத் தண்டுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் பருமன்கூட வராது. தண்டு சுழலும்போது ஆயிலைத் தன்னோடு இழுத்துச் சென்று ஓர் ஆப்புப் போலத் தன் அடியில் திணித்துக்கொள்கிறது. அந்த ஆப்பின் மேலேதான் தண்டு மிதக்கிறது. இரும்பும் பேரிங்கும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. ஆயில் பம்ப்பின் வேலை அந்த இடைவெளி காலியாகிவிடாமல் நிரப்பிக்கொண்டிருப்பது மட்டுமே. சுமை இல்லாதபோது, ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ஆயில் படலமே சிறிது நேரத்துக்கு அந்த வேலையைச் செய்துவிடும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆயில் விளக்கு எரிந்ததைப் பொருட்படுத்தாமல், ‘அடுத்த ஊர்தானே’ என்று பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வரப்பட்ட ஓர் அம்பாசடரின் சம்ப்பை (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியை) நான் பட்டறையில் கழற்றிப் பார்த்திருக்கிறேன். நல்ல பேரிங் மங்கிய சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். கழற்றியதோ, ஈயம் தேய்ந்துபோன பித்தளைப் பாத்திரத்தைப் போல உள்ளே செம்பு தெரிய இருந்தது. பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் ஒரு கனெக்டிங் ராடின் பேரிங் அதையும் தாண்டிக் கிழிந்து, ஒரு பாதி மறுபாதியின் மேல் ஏறிக்கொண்டு, தண்டை நீலம் பாயும்வரை சுட்டிருந்தது. சம்ப்பின் அடியில் படிந்திருந்த கரிய ஆயிலைத் துணியில் தேய்த்தபோது, ஜரிகைத் தூள் போல மின்னியது. அந்த எஞ்சின் ஓடிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது என்று உரிமையாளர் பெருமையோடு சொன்னார். உண்மைதான், வந்து சேர்ந்தது. ஆனால் தண்டை அராவி, நான்கு ராடுகளுக்கும் புதிய பேரிங் போட்டு முடிக்கப் பல வாரங்கள் ஆயின.

ஆகவே பழைய எஞ்சினைப் பற்றி நான் சொல்வது இதுதான்: அது பசியைப் பொறுக்கும், தாகத்தைப் பொறுக்காது. மட்டமான எரிபொருள், பிசகிய டியூனிங், தேய்ந்த பிஸ்டன் ரிங் ஆகியவற்றோடு அது ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆயிலும் தண்ணீரும் இல்லாமல் ஓடுவது நிமிடக் கணக்கு.

தொண்ணூறுகளில் எங்கள் அப்பாவின் ஆஸ்டின் ஏ40 ஐந்து வருடத்துக்கு மேல் மண்ணெண்ணெயில் ஓடியது. யாழ்ப்பாணத்தில் அன்று அநேகமான கார்கள் அப்படித்தான் ஓடின. இன்றைய காரில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் விட்டாலே நின்றுவிடும் என்கிறார்கள். அன்றைய கார் மட்டும் எப்படி அதைத் தாங்கியது, ஐயா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எஞ்சின்கள் பட்ட பாட்டுக்கு இதைவிடப் பெரிய சான்று உலகில் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், பெட்ரோலும் டீசலும் வடக்கே செல்வது பொருளாதாரத் தடையால் நின்றுபோனது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அனுப்பப்பட்டது. விளக்குக்கும் அடுப்புக்கும் போதாத அந்த மண்ணெண்ணெயில்தான் ஆஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய கார்கள் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிக்கொண்டு ஓடின. அந்த எஞ்சின்களை மட்டும் புகழ்ந்தால் போதாது. அவற்றை அப்படி ஓடவைத்த ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் அவற்றினும் பெரியவர்கள்.

மண்ணெண்ணெயில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, அது எளிதில் ஆவியாவதில்லை. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு 150 டிகிரியாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகச் செல்லாமல் துளிகளாகவே செல்லும், பிளக்கை நனைக்கும், தீப்பொறி பட்டும் பற்றாது. அதனால்தான் சிறு குப்பியில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டரின் வாயில் விட்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். உங்கள் தந்தையாரும் இப்படிச் செய்திருப்பார். இது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஆனால் தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் சரியான முறை. ஃபெர்குசன் டிராக்டர்களில் ஒரு வகை, தொழிற்சாலையிலிருந்தே மண்ணெண்ணெயைப் போன்ற டிராக்டர் எண்ணெயில் ஓடும்படி செய்யப்பட்டு வந்தது. அதில் பெட்ரோலுக்குத் தனியாக ஒரு சிறு தொட்டி இருந்தது. பெட்ரோலில் முடுக்கி, சூடேறிய பின் குழாயைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பினால், மறுநாள் முடுக்குவதற்குக் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கும். உள்ளே போகும் கலவை சூடாகவே இருக்க வேண்டும் என்பதற்காக மேனிஃபோல்டின் மேல் தகட்டு மூடியும் பொருத்தியிருந்தார்கள்.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆபத்தானது. பெட்ரோல் கலவையை அழுத்தினால் ஓரளவுவரை பொறுமையாக இருந்து, பிளக்கின் பொறி வந்த பிறகே பற்றும். அந்தப் பொறுமையைத்தான் ஆக்டேன் என்ற எண்ணால் குறிக்கிறோம். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பொறுமை மிகக் குறைவு. அழுத்தமும் சூடும் கூடினால் அது தானாகவே வெடிக்கும். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை அப்போதுதான் கேட்கும். இங்கேதான் உங்கள் ஏ40 தப்பித்தது. அதன் 1,200 சிசி எஞ்சின் கலவையை ஏறத்தாழ ஏழு மடங்கே அழுத்தியது. கணக்காகச் சொன்னால் 7.2. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் தரம் குறைந்த பெட்ரோலே கிடைத்த காலத்துக்காக வடிவமைக்கப்பட்ட எஞ்சின் அது. இன்றைய கார்கள் பத்து, பதினொரு மடங்கு அழுத்துகின்றன. அங்கே மண்ணெண்ணெய் சில நிமிடங்களிலேயே பிஸ்டனை உடைக்கத் தொடங்கிவிடும். அல்லது அதற்கும் முன்பே இன்ஜெக்டரும் சென்சாரும் குழம்பி வண்டி நின்றுவிடும்.

ஏழு மடங்கும்கூட மண்ணெண்ணெய்க்கு அதிகம்தான். டிராக்டர்களில் அது ஐந்தை ஒட்டியே இருந்தது. அந்த இடைவெளியைத் தேர்ந்த கைகளே நிரப்பின. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியைத் தாமதப்படுத்தினால் அடிப்பு அடங்கும்; வலு குறையும், ஆனால் வண்டி ஓடும். ஹெட்டுக்கு அடியில் இரண்டு கேஸ்கட் வைத்து அழுத்தத்தைக் குறைப்பதும் பழைய பட்டறை வழிதான். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்: யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலம். மலையேற்றத்தில் உயர்ந்த கியரில் எஞ்சின் திணறும்போதுதான் இந்த அடிப்பு உச்சத்துக்குப் போகும். அந்த மண்ணெண்ணெய்க் கார்களைக் கண்டி வீதியில் கடுகண்ணாவைக்கு ஏற்றியிருந்தால் இக்கதை வேறாக இருந்திருக்கும்.

எஞ்சின் இதற்குக் கொடுத்த விலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாகச் சம்ப்பில் இறங்கும். அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை வரும். விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுவழுப்பு இராது. நிறைந்திருக்கிறது என்று மகிழ வேண்டிய நிறைவு அல்ல அது. நீர்த்துப்போன அந்த ஆயிலை அடிக்கடி மாற்றியவர்களின் எஞ்சின்கள் பிழைத்தன. எல்லாமே அரிதாக இருந்த காலத்தில் அதுவும் எல்லோருக்கும் இயன்றிருக்காது. உங்கள் கார் இன்னும் இருக்குமானால், ஒருமுறை ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் மேல் விளிம்பில் ஒரு படி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் தட்டினால், அந்த ஐந்து வருடங்கள் அங்கே பதிந்திருக்கின்றன. ரீபோர் செய்து (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து) அடுத்த அளவு பிஸ்டன் போட்டால், அந்த எஞ்சின் உங்கள் பிள்ளைகளுக்கும் ஓடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது எங்கள் 1978ஆம் ஆண்டு அம்பாசடர் ஒவ்வொரு முறையும் கொதிக்கிறது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்விடுகிறோம். இருபது வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது. இதனால் எஞ்சினுக்குக் கேடு உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

கேடு உண்டு. இருபது வருடங்களாக அது வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம் வார்ப்பிரும்பு. உங்கள் வண்டியின் 1,489 சிசி எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு என்பதால் சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிகின்றன; நடுவிலுள்ள கேஸ்கட் இழுபடுவதில்லை. அதே காலத்துப் பிரீமியர் பத்மினி காரில் ஹெட் அலுமினியம். அது இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியக்கூடியது. இரண்டு முறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும், ஃபேசிங் செய்யாமல் (அதன் அடிப்பரப்பைச் சமமாகக் கடையாமல்) மீண்டும் பொருத்த முடியாது. உங்கள் வண்டி இந்தச் சூட்டைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இரும்புக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வால்வுகளின் நடுவே இரும்பு மிக மெல்லியது. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் விழும்.

மலையேற்றத்தில் மூன்று காரணங்கள் ஒன்றாகக் கூடுகின்றன. எஞ்சின் முழு வலுவோடு உழைக்கிறது. வண்டி மெதுவாகச் செல்வதால் ரேடியேட்டருக்குக் காற்று குறைகிறது. உயரே செல்லச் செல்லத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கத் தொடங்குகிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் இருக்கிறது. உள்ளே அழுத்தத்தை நிறுத்தி, கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்தும் கருவி அது. அதன் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தால், அது வெறும் தகடு. இருபது வருடங்களாக எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினீர்களோ, அந்த மூடியை ஒருமுறையாவது மாற்றினீர்களா என்று கேட்க விரும்புகிறேன். அதை முதலில் மாற்றுங்கள்.

அடுத்து, நீங்கள் ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்பு, வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போலவே பிளாக்கின் உள்ளும் ரேடியேட்டரின் குழாய்களிலும் படியும். அந்தப் படிவு ஒரு போர்வை. சூட்டை வெளியே விடாது. கொதிக்கிறது என்று மேலும் உப்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, அடுத்த முறை இன்னும் விரைவாகக் கொதிக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து, கூலன்ட்டைச் சுத்திகரித்த நீரோடு கலந்து ஊற்றுவது ஒரே தீர்வு.

வழியில் கொதித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எஞ்சின்கள் கொதித்ததால் உடைந்ததைவிட அவசரமாகத் தண்ணீர் ஊற்றியதால் உடைந்தவை அதிகம். தண்ணீர் இன்னும் உள்ளே இருந்தால் நிழலில் நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஆறவையுங்கள். தண்ணீர் முழுவதும் போய்விட்டிருந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். ரேடியேட்டரின் மேற்பகுதியில் கையை வைக்க முடியும் என்ற நிலை வந்த பிறகே மூடியைத் தொடுங்கள். காய்ந்த இரும்பின் மீது ஓடைத் தண்ணீர் பட்டால் அது விரிசல் விடுவதற்கு ஒரு நொடி போதும். வீட்டுக்கு வந்தபின் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த தேநீரைப் போல இருந்தால் தண்ணீர் அதில் கலந்துவிட்டது. அதன் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

வண்டி சூடாகிறது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டார். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்கிறார். சரியா?
– வாசகர், வேலூர்

சரியல்ல. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் வேலைச் சூட்டை அடைய வெகுநேரம் ஆகும். குட்டிப் பயணங்களில் அடையாமலே போகும். குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் முழுதாக எரியாமல் ஆயிலில் இறங்கும், நீராவி சம்ப்பில் தங்கிக் கசடாகும். யாழ்ப்பாணத்து வாசகிக்கு மண்ணெண்ணெயைப் பற்றிச் சொன்ன அதே தேய்மானம், இங்கே நல்ல பெட்ரோலிலேயே மெதுவாக நடக்கிறது. புதிய தெர்மோஸ்டாட் ஒன்றைப் போட்டுவிட்டு, வண்டி ஏன் சூடானது என்ற உண்மையான காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட என் 1968ஆம் ஆண்டு காருக்கு, இப்போது கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நஞ்சா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

நஞ்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வெவ்வேறு பாதிப்புகளை நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறீர்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றுபோனது. அது மக்களின் நலத்துக்காக எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு உட்காரும் இடத்துக்குத் தனி வளையம் கிடையாது, ஹெட்டிலேயே கடைந்திருப்பார்கள். எரிந்த ஈயம் அங்கே மெல்லிய மெத்தையாகப் படிந்து, வால்வும் இரும்பும் சூட்டில் ஒட்டிக்கொள்ளாமல் காத்தது. அது இல்லாதபோது, எக்ஸாஸ்ட் வால்வு சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் அமிழும். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் இது பல ஆண்டுகள் தெரியாது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வேகமாக ஓட்டினால் விரைவாக நடக்கும். இதன் முதல் அறிகுறி பலரையும் ஏமாற்றக்கூடியது: வால்வு அமிழ அமிழ டேப்பட்டின் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) குறைகிறது, டேப்பட் ஓசை அடங்குகிறது. வண்டி முன்பைவிட அமைதியாக ஓடுகிறது என்று உரிமையாளர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே வால்வு சரியாக மூடாமல் கருகிவிடும். ஆகவே 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டேப்பட்டை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அளவு தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால், ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட் வளையங்களைப் பொருத்திவிடலாம். அதன் பிறகு இந்தக் கவலை இல்லை.

எத்தனாலின் பாதிப்பு வேறு வகை. அது பழைய ரப்பர் குழாய்களையும், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் ஊறவைத்து இளக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தொட்டியில் ஐம்பது வருடமாகப் படிந்திருக்கும் துருவைக் கிளப்பிக் கார்புரேட்டரின் ஜெட்டுக்குக் கொண்டுவரும். எஞ்சினின் இரும்புக்கு இதனால் நேரடிக் கேடு இல்லை. ஆனால் ஒரு கிலோ பெட்ரோலை எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிலோவே போதும். சென்சார் உள்ள கார் அதைத் தானே கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும். உங்கள் கார்புரேட்டரின் ஜெட்டுக்கு அந்த அறிவு இல்லை என்பதால் கலவை நீர்த்துப்போய், வண்டி இழுக்காமல், சூடு கூடும். எஸ்.யு. கார்புரேட்டராக இருந்தால் அடியிலுள்ள ஆறுபக்கத் திருகை ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ இறக்கிக் கலவையைச் செறிவாக்கிவிடலாம். ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் கசிந்தால் எரிவது எஞ்சின் மட்டுமாக இராது.

இன்றைய கார்களைவிட அந்தக் காலத்து எஞ்சின்கள்தான் உறுதியானவை என்று என் தாத்தா சொல்கிறார். உண்மையா?
– கல்லூரி மாணவி, சேலம்

தாத்தாவிடம் நான் இப்படிச் சொல்வேன்: அவை உறுதியானவை என்பதைவிட, திருத்திக்கொள்ள இடம் கொடுத்தவை. 1,489 சிசி அம்பாசடர் எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறனே தந்தது. இன்று அதே அளவு எஞ்சினிலிருந்து நூறுக்கு மேல் எடுக்கிறார்கள். குறைவாக உழைத்ததால் குறைகளையும் தாங்கியது. ஆனாலும் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போதே பெரும்பாலானவற்றுக்கு ரிங்கோ ரீபோரோ தேவைப்பட்டது. நல்ல ஆயிலும் துல்லியமான கடைசலும் கொண்ட இன்றைய எஞ்சின்கள் ஹெட்டையே திறக்காமல் அதைப்போல இரண்டு மடங்கு ஓடுகின்றன. கிராங்க் தண்டை அம்பாசடரில் மூன்று மெயின் பேரிங்குகளே தாங்கின. அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினுக்கு 1964இல் ஐந்து பேரிங் கொடுக்க வேண்டியதாயிற்று. வேகமாகச் சுழற்றினால் மூன்று போதாது என்பதை அதைச் செய்தவர்களே உணர்ந்திருந்தார்கள்.

நெடுநாள் ஓடியதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன் என்பவரின் 1966ஆம் ஆண்டு வால்வோ பி1800. 2013இல் அது 30 லட்சம் மைலைக் கடந்தது. அதன் எஞ்சின் முதன்முறையாகத் திறந்து புதுப்பிக்கப்பட்டது 6.8 லட்சம் மைலுக்குப் பிறகுதான். அவர் அந்தக் காரைத் துன்புறுத்தவே இல்லை. ஆயிலை உரிய காலத்தில் மாற்றினார், நீண்ட பயணங்களாகவே ஓட்டினார். பழைய எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்பதற்கு உங்கள் தாத்தா காட்ட வேண்டியது, துன்பப்பட்ட வண்டிகளை அல்ல, இதைத்தான்.

ஆறு வருடங்களாக ஓட்டாமல் புளியமரத்தடியில் நிற்கும் எங்கள் வீட்டுக் காரை மீண்டும் ஓட்ட ஆசைப்படுகிறோம். புதிய பேட்டரி போட்டு முடுக்கலாமா?
– வாசகர், தென்காசி

முடுக்காதீர்கள். இந்தக் கடிதங்களில் வந்த எல்லாத் துன்பங்களிலும், ஓடாமல் நிற்பதையே நான் மிகக் கடுமையானதாகக் கருதுகிறேன். ஆறு வருடங்களில் சிலிண்டரின் சுவரிலிருந்த ஆயில் முழுவதும் வடிந்திருக்கும். ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கும், அதன் வழியே மழைக்கால ஈரம் உள்ளே புகுந்து துருவேறியிருக்கும். ஸ்டார்ட்டரின் வலுவில் அதை இழுத்தால் ரிங் உடையும்.

பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு பிளக்குகளைப் போடாமலே, முன்புறம் ஹேண்டிலைச் செருகிக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தடுத்தால் வலுக்கட்டாயம் வேண்டாம். சற்றுப் பின்னால் திருப்பி, மறுபடி ஆயில் விட்டு, இன்னொரு நாள் காத்திருங்கள். தங்குதடையின்றி முழுச் சுற்றுச் சுற்றினால், பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், தொட்டியிலுள்ள பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள், ரேடியேட்டரை நிரப்புங்கள். அதன் பிறகே பேட்டரி. பிளக்குகள் வெளியே இருக்கும்போதே ஸ்டார்ட்டரைப் பத்து நொடி வீதம் விட்டுவிட்டுச் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். விளக்கு அணைந்த பின்னர் பிளக்குகளைப் பொருத்தி முடுக்கலாம். அணையவில்லை என்றால், எத்தனை ஆசையாக இருந்தாலும் அன்று அங்கேயே நிறுத்திவிட்டுச் சம்ப்பைக் கழற்றிப் பாருங்கள்.